பச்சைப் பிடி போட்ட ஐந்து கத்திகள்

பெரியமுத்து ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. லாரி ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்காருவது கணக்கில் சேராது; அங்கேயும் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டேதான் இருக்கும். வண்டன்மேட்டில் ஏலக்காய் மூட்டை ஏற்றி, கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறங்கி, கோயம்புத்தூர் போவான். திரும்பும்போது வாளையாரில் சரக்கு ஏற்றிக்கொண்டு மலைக்கு வருவான். எழுபத்து நாலாம் வருஷத்தில் அந்தச் சாலையில் அவனைத் தெரியாத டிரைவர் கிடையாது. நன்றாக வண்டி ஓட்டுவான் என்பதற்காக அல்ல, மடக்குக்கத்திப் பைத்தியம் என்பதற்காக.

சாதாரணப் பைத்தியமா அது! ஒரு பிஸ்கோத்து டப்பா நிறையக் கத்தி வைத்திருந்தான். தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வைப்பான். அதில் ஒன்றை எடுத்து ஒரு வெங்காயமாவது நறுக்கியிருப்பானா? மூச்!

"வெட்டாத கத்திய வச்சு என்னய்யா செய்யப் போறே? தாலாட்டவா?" என்று கேட்பாள் அவன் மனைவி அழகுத்தாய். கேட்டுவிட்டு மொன்னை அரிவாள்மனையோடு மல்லுக்கட்டப் போய்விடுவாள்.

அந்த டப்பாவிலும் அவன் உயிர் கிடந்தது நான்கே நான்கு கத்திகளில்தான். வாளையார் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த குப்பண்ணன் அடித்தவை அவை. பட்டறை ஓரத்தில் வெகுகாலம் கிடந்த ஓர் உடைந்த லாரியிலிருந்து ஐந்து மடக்குக்கத்திகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இரும்பு. ஸ்பிரிங் பட்டையில் ஒன்று, ஆக்சிலில் ஒன்று, எஞ்சின் வால்வில் ஒன்று, டூல் பெட்டியில் கிடந்த அரத்தில் ஒன்று, பேரிங் வளையத்தில் ஒன்று. ஐந்துக்கும் பிடி மட்டும் அதே லாரியின் பாடிப் பலகை, பச்சைப் பெயிண்டோடு அப்படியே. ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி குத்தி, வந்து போகிற டிரைவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

"இன்னொரு செட்டு அடிச்சுக் குடுங்களேன்" என்று பெரியமுத்து அவரிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறான்.

"ஏனுங்க, அந்த லாரி ஒண்ணுதானுங்களே. வேற இரும்புல அடிச்சா அது வேற கத்தியாப் போயிருமுங்க" என்றார் அவர். அதைக் கேட்ட நாளிலிருந்துதான் இவனுக்குப் பித்து முற்றியது.

நான்கையும் இவன் சேர்த்த கதையைச் சொல்ல வேண்டும். செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது டிரைவர்கள் சாமான் மாற்றிக்கொள்வார்கள். கத்தியை மட்டும் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் சண்டை வரும். கொடுக்கிறவன் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவன் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துவிட்டால் முடிந்தது பேச்சு. அதற்குப் பிறகு திருப்பிக் கேட்கிறவனை அந்தச் சாலையில் ஒருத்தனும் மதிக்க மாட்டான்.

ஸ்பிரிங் பட்டைக் கத்திக்கு டார்ச் லைட் போனது. ஆக்சில் கத்திக்குக் கம்பளி போனது. அரக் கத்திக்குக் கல்யாணத்தில் மாமனார் கட்டிவிட்ட கைக்கடிகாரமே போனது. அழகுத்தாய் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வால்வுக் கத்தி மட்டும் சும்மா வந்தது. அது பொள்ளாச்சி நல்லதம்பியிடம் இருந்தது. ஒருநாள் நல்லதம்பி, "பாருங்க, என்ன பளபளப்பு, துரு அண்டவே அண்டாது!" என்று பெருமையாகப் பலகைமேல் வைத்துக் காட்டினான். காட்டத்தான் வைத்தான், பாவம். பெரியமுத்து சட்டென்று எடுத்து மடக்கி மடியில் செருகிக்கொண்டான்.

"அட, பாக்கத்தானுங்க வச்சேன்!"

"வச்சீக, எடுத்தேன்."

சுற்றி நின்ற டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நல்லதம்பியும் அசடு வழியச் சிரித்துவிட்டு வண்டி ஏறினான். அவன் கண் சிரிக்கவில்லை என்பது பெரியமுத்துவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தால் என்ன, கத்தி மடியில் அல்லவா இருந்தது!

ஆனால் ஐந்தாவது? பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போவதுபோல அவன் மனசு அங்கேயே போனது. சோறு தின்னும்போது பாதியில் எழுந்து டப்பாவைத் திறப்பான். நான்கையும் வரிசையாக வைப்பான். நான்காவதுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பார்ப்பான். மூடுவான், திரும்பத் திறப்பான். "கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று தலையில் அடித்துக்கொள்வாள் அழகுத்தாய். எதிரே வருகிற லாரியை எல்லாம் நிறுத்தி, "பச்சைப் பிடி, அஞ்சு புள்ளி, பாத்தியாப்பா?" என்று விசாரித்தான். ஒருவனும் பார்த்திருக்கவில்லை.

கடைசியில் குப்பண்ணனையே போய் உலுக்கினான்.

அவர் துருத்தியை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "அத நான் டிரைவருங்க யாருக்கும் குடுக்கலீங்க. அந்த லாரிய ஓட்டுன இன்னாசிராஜு இங்கதானுங்க மரத்துல மோதிச் செத்துப்போனாப்ல. சொன்னா ஒருத்தரும் கத்திய வாங்க மாட்டாங்கன்னுதான் வெளிய சொல்லல. பொறவு அவரு சம்சாரம் லாரியப் பாக்கணும்னு வந்துச்சு. அதுக்குள்ள இரும்புக் கடைக்காரன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டானுங்க. மிச்சம் இருந்தது அந்தக் கத்தி ஒண்ணுதான். வெச்சேன், எடுத்துட்டுப் போச்சு."

"எந்த ஊரு அந்தம்மாவுக்கு?"

"உங்க கம்பம்மெட்டுதானுங்க. டீக்கடை வெச்சிருக்குதாமா."

அட கூத்தே! வீட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டா ஊரெல்லாம் அலைந்தான்? அந்தக் கடையைத் தாண்டாமல் அவன் லாரி மலை இறங்கியதே இல்லை. இருப்புக்கொள்ளாத மனுஷன் ஒருநாளாவது அங்கே நிறுத்தியிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்! செத்தவன் லாரி என்றதும் பயம் வந்தது உண்மைதான். பழனி தாண்டுவதற்குள் அது அடங்கிவிட்டது. ஆசை அடங்கவில்லை.

மறுநாள் காலையில் டப்பாவோடு போய் இறங்கினான். இன்னாசிராஜுவின் மனைவி செபமாலையம்மாள் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கையில் பச்சைப் பிடி! தினம் தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. வாழைக்காய்க் கறை பட்டுக் கன்னங்கரேல் என்று கிடந்தது. பெரியமுத்து பலகையை ஒட்டிப் போய் நின்றான்.

"அக்கா, அந்தக் கத்தி..."

"டீயா, காப்பியா?"

"கத்திக்கா. நான் ஒண்ணு குடுத்துட்டு அத வாங்கிக்கிடுறேன்."

"இது குடுக்கிற சாமான் இல்லய்யா."

அந்த நேரத்தில்தான் அவன் புத்தி புல் மேயப் போனது. இதைவிட நல்ல கத்திகளைக் கண்ணால் கண்டால் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தான். டப்பாவைத் திறந்து, துணியைப் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அவள் முன்னால் பலகையில் வரிசையாக வைத்தான். முகத்தில் என்ன பெருமை என்கிறீர்கள்!

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கத்தியைப் பார்க்கவில்லை, பிடியைத்தான் தடவினாள். "இது அவுக கையால அடிச்ச பெயிண்ட்டு. பச்சைதான் வேணும்னு கம்பம் பூரா அலைஞ்சாக" என்றாள். அந்தப் பெயிண்டை யார் அடித்திருப்பார்கள் என்று பெரியமுத்து இதுவரை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் முதல் கத்தியை எடுத்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவது, நான்காவது. நான்கையும் மடியில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா! சும்மா பாக்கத்தான் வச்சேன்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டிரைவர் பெண்டாட்டிக்குச் சாலை வழக்கம் தெரியாதா?

"வச்சீக, எடுத்தேன்."

பெஞ்சில் இருந்த டிரைவர்கள் யாரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அது பெரியமுத்து நல்லதம்பியிடம் சொன்ன அதே சொல்தான். மிச்சக் கத்திகள் டப்பாவில் கடகடக்க மலை இறங்கினான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அன்று பொள்ளாச்சியில் நல்லதம்பியின் லாரி எதிரே வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நடந்ததைக் கேட்ட அழகுத்தாய் திட்டவே இல்லை. "நல்ல காரியம்" என்று மட்டும் சொன்னாள். அது திட்டைவிட மோசமாகச் சுட்டது.

அடுத்த நடையிலேயே லாரி கம்பம்மெட்டில் தானாக நின்றது. செபமாலையம்மாள் ஸ்பிரிங் பட்டைக் கத்தியால் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அவன் மூச்சுக்கூடப் படாமல் வைத்திருந்த அலகில் கறை வழிந்தது. மற்ற நான்கும் அவள் பக்கத்தில் ஒரு தட்டில் கிடந்தன. ஐந்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றுதானே தவியாய்த் தவித்தான். பார்த்துவிட்டான்!

"ஐயோ அக்கா, அத அப்படியே வச்சிராதீக, ராத்திரிக்குள்ள துரு ஏறிரும்!"

"அப்ப நீங்களே தொடைங்க" என்று அவள் கத்தியை அவன் முன்னால் பலகையில் வைத்தாள்.

வைத்துவிட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியமுத்து எடுத்தான். அந்த இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. லாரி பக்கத்தில்தான் நின்றது, எஞ்சின்கூட ஓடிக்கொண்டிருந்தது.

தோளில் கிடந்த துண்டால் கறையைத் துடைத்தான். அவள் கடைத் தேங்காய் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, அலகின் இரண்டு பக்கமும் தேய்த்தான். மடக்கினான். பலகையில் வைத்தான்.

அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு தட்டில் இருந்த அடுத்த கத்தியை அவன் முன்னால் வைத்தாள். பெரியமுத்து போய் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.