தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலப் பாட்டுகள்

கட்டைபறிச்சானில் எங்கள் வீட்டில் ஆங்கில இலக்கணப் புத்தகம் இருக்கவில்லை. ரேடியோ ஒன்று இருந்தது. தீர்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்தால் இன்னும் இரண்டு பாட்டுக் கேட்கலாம். அந்த இரண்டு பாட்டை வைத்துத்தான் நானும் மச்சாளும், அதாவது என் அண்ணனின் மனைவியும், இலக்கணம் படித்தோம்.

பாட்டு ஓடும் வேகத்துக்கு ஆங்கில எழுத்து எனக்குக் கைவராது. காதில் விழுந்ததை விழுந்தபடியே தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் கிறுக்குவேன். மறுநாள் அகராதியோடு உட்கார்ந்து சொற்களைக் கண்டுபிடிப்போம். நடந்து முடிந்த வினைக்குச் சிவப்பு அடிக்கோடு, நடக்கிற வினைக்குப் பச்சை. பிறகு எல்லாவற்றையும் நல்ல கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதுவோம். பாட்டில் வருகிறவர்கள் பெரும்பாலும் யாரையாவது விட்டுப் போனவர்கள். சிவப்புப் பேனைதான் முதலில் தீரும்.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. பத்து மணிக்கு, ஆங்கிலத்தில். பாதுகாப்பு என்று சொல்லி ஆமி எங்கள் பக்கம் வயலுக்கும் கடலுக்கும் போக விடாத காலம். வீட்டில் யாராவது ஒருவர் உழைத்தே ஆகவேண்டும். மூதூரில் லோஞ்ச் படகில் ஏறியபின்தான் பார்த்தேன், அவசரத்தில் நல்ல கொப்பிக்குப் பதிலாகக் கிறுக்கல் கொப்பியைத் தூக்கி வந்திருக்கிறேன்.

இறங்குதுறைச் சோதனையில் அந்தக் கொப்பி சிக்கியது. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மாறியது. எழுத்து தமிழ், ஆனால் ஒரு சொல்லும் தமிழில்லை, இடையில் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். இங்கிலீஷ் பாட்டு என்றேன்.

"அப்ப பாடுங்க" என்றார்.

நான் கோயிலில்கூட வாய் திறந்து பாடாதவள். பின்னால் லோஞ்சில் வந்த சனம் முழுவதும் வரிசையில் நின்றது. அவமானத்தில் காது சுட்டது. பாடினேன். பக்கத்தைப் புரட்டி இன்னொன்று கேட்டார். அதையும் பாடினேன். மூன்றாவது முடிந்ததும், நல்லாயிருக்கு என்று கொப்பியைத் திருப்பித் தந்தார். அந்தப் பாராட்டுத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அலுவலகத்துக்குப் போனபோது பத்தரை தாண்டிவிட்டது. ஏன் பிந்தியது என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். லோஞ்ச் பிந்தியது என்று சொல்லியிருக்கலாம். பிந்தினால் அப்படிச் சொல்லு என்றுதான் மச்சாளும் அனுப்பியிருந்தாள். எனக்கோ கோபம் ஆறவில்லை. கொப்பியை மேசையில் வைத்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் கொப்பியைக் கைமாற்றிப் புரட்டிப் பார்த்தார்கள்.

பின்னேரம் மச்சாள் கேட்டாள்: "எத்தினை பிழை விட்டனி?"

"தெரியாது மச்சாள். கோவத்தில பார்க்கேல்லை."

வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போன முதல் நாள் அதே இறங்குதுறையில் அதே பொலிஸ்காரர் நின்றார். அன்று என் பையில் கடிதத்தைத் தவிர வேறு ஒரு கடதாசியும் இருக்கவில்லை.