கேமரா விழுந்த இடத்தில் ஒரு வரி

அன்று நான் திரும்பியது கேமரா விழுந்த சத்தத்துக்கா, என் குழந்தை அழுத சத்தத்துக்கா? இன்றும் தெரியவில்லை.

ஜவ்வாது மலையில் முதியோர் கல்வி வகுப்பு நடத்துகிறேன். தங்கள் வேலையைத் தாங்களே வீடியோ எடுத்து, ஒவ்வொரு காட்சிக்கும் சிலேட்டில் ஒரு வரி எழுதி அதையும் படத்தில் சேர்க்க வேண்டும் என்பது பாடம். போளூரிலிருந்து என் கணவர் கேமராவை இரவல் வாங்கி வந்தார். "என்ன ஆனாலும் கீழே விட்டுடாதீங்க" என்று பத்து முறை சொல்லியிருந்தேன்.

சாமைக் களத்தில் மாடுகள் போரடிப்பதை என் மாணவி முனியம்மா படம் எடுத்தார். நான் இன்னொருவர் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாயில் விட்டிருந்த என் பத்து மாதப் பெண், மாடுகளின் காலடியை நோக்கித் தவழ்ந்துவிட்டாள். கேமரா வழியாக அதைப் பார்த்த முனியம்மா, கேமராவைப் போட்டுவிட்டு ஓடிக் குழந்தையை வாரி எடுத்தார்.

"மிஷினு போச்சா டீச்சரம்மா?" என்று குழந்தையைப் பிடித்தபடியே கேட்டார்.

"இன்னா மிஷினு? மொதல்ல புள்ளய அவங்ககிட்ட குடு!" என்று அதட்டினார், மாடு ஓட்டிய அவர் கணவர்.

கேமராவின் மூடி மட்டுமே உடைந்திருந்தது. மறுநாள், கேமரா விழுந்தபோது பதிவான சாய்ந்த காட்சிக்கு முனியம்மா எழுதினார்: "இங்க கேமராவ போட்டன். பாப்பாவ எடுத்தன்." கரும்பலகையைப் பார்க்காமல் அவர் எழுதிய முதல் வரி! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டுதான் சிலேட்டைத் தொடுகிறேன். படத்தைப் பக்கத்து ஊர் வகுப்புகளுக்கும் காட்டப் போகிறோம். அந்தக் காட்சி இருந்தால் என் கவனக்குறைவு ஊருக்கே தெரியும். வெட்டினால் அவர் வரியும் போய்விடும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சகோதரிகளே?