சரோஜா முடி வேண்டாமென்ற படம்

படம் எடுப்பதைவிட எடுத்த படத்தைத் திருத்துவதுதான் எங்கள் தொழிலில் பெரிய வேலை. கண்டியில் என்னைப் போல ஸ்டூடியோ வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

தலைத்துணி

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிவலிங்கமும் அவர் மனைவி சரோஜாவும் படம் எடுக்க வந்தார்கள். புற்றுநோய் மருந்தில் சரோஜாவுக்கு முடி முழுக்கக் கொட்டிவிட்டது. தலையில் துணி சுற்றியிருந்தார். கம்ப்யூட்டரில் முடி வைத்துத் தருகிறேன் என்று ஆறுதலாகச் சொன்னேன்.

அவர் துணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலை வியர்த்திருந்தது. சிவலிங்கம் உள்ளங்கையால் துடைத்துவிட்டார். சரோஜாவின் கண்கள் பாதி மூடின. அந்த நேரம் எடுத்தேன். "கறுப்பு வெள்ளையிலயே குடுங்க. முடியெல்லாம் வேணாம். இவரு தெனமும் பாக்குற மொகம் இதுதானே" என்றார் சரோஜா.

திகன ஹாஜியார்

பிரிண்ட் போட்டு மேசையில் வைத்திருந்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த திகன ஹாஜியார் அதைக் கையில் எடுத்தார். படத்தில் வாசல் வெளிச்சம் சரோஜாவின் மொட்டைத் தலையில் மெல்லப் படிந்திருந்தது. உதட்டில் சிரிப்பு வரப்போகிற மாதிரி இருந்தது. காதோரம் ஓர் ஆணின் விரல்கள்.

"இது யாரிட கை?" என்று கேட்டார். புருஷனுடையது என்றேன். படத்தைக் கீழே வைக்க அவருக்கு நேரமெடுத்தது. "எங்கட ஊட்டுக்காரியும் கடைசியில இப்பிடித்தான் ஈந்தா. எனக்கு அந்த மொகத்தப் பார்க்க ஏலாம, கடையே கதின்டு ஈந்துட்டேன்."

சாவு வீட்டுக்கு

சில மாதம் கழித்து சரோஜாவின் அண்ணன் வந்தார். தங்கச்சி காலையில் இறந்துவிட்டாள், மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார். நான் எடுத்த படத்திலேயே முடி வைத்து, பொட்டு வைத்து, கலராக்கித் தரச் சொன்னார். சனம் மொட்டைத் தலையைப் பார்க்கக் கூடாதாம். அழுகிற மனிதரிடம் என்ன பேசுவது? வேலையைத் தொடங்கினேன்.

பாதி முடி வைத்திருப்பேன், சிவலிங்கம் உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். குரலை உயர்த்தாமல் சரோஜாவின் அண்ணனிடம் சொன்னார்: "அவளே வெக்கப்படல மச்சான். நாம எதுக்கு வெக்கப்படணும்?"

வைத்த முடியை அழித்து, இருந்தபடியே பெரிதாக்கிக் கொடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று எல்லோரும் சொல்லும் அதில் என் திறமை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தது மட்டும்தான்.