தண்ணீர் குடிக்காமல் விமானம் ஏறினேன்

ஏழெட்டு வருடம் இருக்கும். சித்திரை மாதம், எங்கள் காட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த நேரம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஷார்ஜாவில் இருந்த என் தங்கைக்கு நிறைமாதம். அம்மா காலமாகி வெகுநாளாகிவிட்டதால் பிரசவத்துக்குத் துணையாக நான்தான் போகவேண்டும். திருச்சியிலிருந்து காலை விமானம். அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

கிளம்புமுன் ஊரே புத்தி சொன்னது. காதில் பஞ்சு வை, எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள், ஜன்னல் வழியாகக் கீழே பார்க்காதே. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, யாரும் சொல்லாத ஒன்றை நானாகச் செய்தேன். முதல் நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதில்லை. ஜெயங்கொண்டத்திலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போவதென்றாலே அப்படித்தான். பஸ் ஸ்டாண்டு கக்கூசுக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நுழைவதைவிட நாக்கு வறண்டு கிடப்பது மேல். பஸ்ஸாவது நடுவில் நிற்கும், விமானம் எங்கே நிற்கப் போகிறது? இதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

உள்ளே ஏறினால் கீழே விரிப்பெல்லாம் போட்டுப் பளிச்சென்று இருந்தது. செருப்புக்காலோடு மிதிக்க மனசு வரவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் கழற்றி அடியில் தள்ளிவிட்டேன்.

எனக்கு ஜன்னலோர சீட். பக்கத்தில் என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக, பர்தா போட்ட ஒரு பெண். லெப்பைக்குடிகாட்டுக்காரி. கணவர் அங்கே வேலையில் இருக்கிறார், பார்க்கப் போகிறேன் என்றாள். நம்ம பக்கத்துக்காரி என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. விமானப் பணிப்பெண் தண்ணீர் நீட்டியபோது நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்தவள் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் போயிருக்கும். விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து அடக்கி வைத்திருந்த அடிவயிறு கடுக்க ஆரம்பித்தது. அதற்கு மேலேயே பெல்ட் வேறு அழுத்தியது. அதைக் கழற்றும் விதம் எனக்குத் தெரியாது, கேட்க வெட்கம். காலிரண்டும் மரத்துப்போய்விட்டன. அப்புறம் நெற்றியெல்லாம் சில்லென்று வேர்த்து, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. யாராவது மயங்கி விழுந்தால் விமானத்தை வழியில் ஏதாவது ஊரில் இறக்கிவிடுவார்கள் என்று எப்போதோ கேட்டது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. அங்கே தங்கச்சி ஒண்டியாக வலியோடு கிடக்க, நான் பேர் தெரியாத ஊர் ஆஸ்பத்திரியில் கிடப்பேனா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னக்கா, இப்புடி வேர்க்குது?" என்று என் கையைப் பிடித்தாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலையிலேருந்து தண்ணி குடிக்கலதானே? ஒண்ணுக்கும் போவல?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நானும் மொத தடவ இதே கூத்துத்தான் பண்ணேன். எறங்குன அன்னிக்கே ஆஸ்பத்திரில படுக்கவச்சு குளுக்கோஸ் ஏத்துனாங்க. எங்க வூட்டுக்காரரு புள்ள மாதிரி அழுதுட்டாரு."

சொல்லிக்கொண்டே பெல்ட்டை விடுவித்தாள். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுத் தண்ணீர் வாங்கி, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாள். பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தாள். பாதத்தை அப்படியும் இப்படியும் சுற்றச் சொல்லி, தானும் கூடவே சுற்றிக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. கக்கூசுக்குக் கூட்டிப்போக எழுப்பினாள். நான் வெறுங்காலோடு கிளம்பியதைப் பார்த்து நிறுத்தினாள்.

"செருப்ப மாட்டுங்கக்கா. அங்க கீழ ஈரமா கெடக்குறதெல்லாம் தண்ணின்னு நெனச்சுடாதீங்க."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடைவழி ஓரத்துச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி நகரவைத்தாள். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, "அங்க காயிதந்தான் இருக்கும், நமக்கு அது ஆவாது" என்று என் கையில் திணித்தாள். தாழ்ப்பாள் போட்டால்தான் விளக்கு நன்றாக எரியும், பொத்தானை அழுத்தினால் பெரிய சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று எல்லாம் சொல்லி உள்ளே அனுப்பினாள். எனக்கு உள்ளே மாட்டிக்கொள்வேனோ என்று பயம். "நான் இங்கேயேதான் நிக்கிறேன், போங்க" என்றாள். பின்னால் இரண்டு மூன்று பேர் வந்து நின்றிருக்கிறார்கள். "உள்ள ஒடம்பு சரியில்லாதவங்க இருக்காங்க, செத்த பொறுங்க" என்று அவர்களிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் நகர விட்டாள்.

இறங்கியதும் பெட்டி எடுக்கும் இடத்தில் கூட்டத்தில் பிரிந்துவிட்டோம். தூரத்திலிருந்து கையை ஆட்டினாள். பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பர்தா போட்ட பெண்கள் கூட்டமாக நின்றால் இன்றைக்கும் என் கண் ஒவ்வொரு முகமாகத் தேடும்.

இப்போது எங்கள் ஊரிலிருந்து எந்தப் பெண் விமானம் ஏறினாலும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். தண்ணீர் குடி, அடக்காதே, பாட்டில் எடுத்துக்கொள். ஆம்பிளைகள் இருந்தாலும் சத்தமாகவே சொல்வேன். என் வீட்டுக்காரர்தான் நெளிவார். நெளியட்டும்.

நான் இறங்கிய நாலாம் நாள் தங்கைக்குப் பிரசவமாகி, நர்சம்மா பையனை என் கையில் கொடுத்தார். அவனைக் கீழே விடாமல் வாங்கிக்கொள்கிற தெம்பு என் கையில் இருந்ததே, அது ஒரு கதவுக்கு வெளியே எனக்காகக் கால்கடுக்க நின்ற பேர் தெரியாத ஒருத்தி கொடுத்தது என்று அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.