கொள்ளிடப் பாலத்தில் எடுத்த படம்

அந்த நடிகரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம் என்று நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருஷம் திருச்சியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக உட்கார்ந்து, அவர் பெயருக்கு முன்னால் என்னென்ன பட்டம் உண்டோ அத்தனையும் அடித்துப் போட்டவள் நான். ஒருவருக்கு அவ்வளவு செய்தது போதும்.

என் அக்காவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. எடுத்தவர் அவர்.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பூச்சொரிதல் திருவிழாவுக்கு நடந்தே வருகிறேன் என்று அக்கா சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் முடிந்தது. பூச்சொரிதல் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு எடமலைப்பட்டி புதூரிலிருந்து கிளம்பினாள். காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் இரண்டும் தாண்டி, டோல்கேட்டும் தாண்டி, இன்னும் கொஞ்ச தூரம்தான். காலை ஏழரை மணி, நல்ல வெயில். பின்னாலிருந்து வந்த வெள்ளைக் கார் அவளைத் தட்டிவிட்டு, காலின் மேல் ஏறி நின்றது.

ஓட்டிக்கொண்டு வந்தவர் இறங்கினார். கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கீழே கிடந்த அக்கா அவர் முகத்தை ஒரு முழம் தூரத்தில் பார்த்தாள். முப்பது வருஷமாகத் தியேட்டரில் பார்த்த முகம். பின்னால் வந்த காரிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்து அவரை இழுத்துக்கொண்டு போய் அந்தக் காரில் ஏற்றினார்கள். வெள்ளைக் காரின் பின் சீட்டிலிருந்து டிரைவர் இறங்கி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டான். இதையெல்லாம் அக்கா மயங்குவதற்கு முன் பார்த்தாள், மயக்கம் தெளிந்ததும் சொன்னாள். அன்றையிலிருந்து ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க வந்தவர்கள் காலை விட்டுவிட்டு அவரைப் பற்றித்தான் கேட்டார்கள். "நெஜமாவே அவரா? நேர்ல எப்படி இருந்தாரு?" என்று கட்டுப் போட வந்த நர்ஸே கேட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த ட்ரேயைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாம் போல இருந்தது.

முதல் வாரம் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "விசாரிக்கிறோம்மா, யாரா இருந்தாலும் விட மாட்டோம்" என்றார். இரண்டாவது மாதம் அந்த நடிகர் ஒரு கட்சியில் சேர்ந்தார். மேடையில் மந்திரிக்குப் பக்கத்தில் சால்வையோடு நின்றதை டிவியில் நாள் முழுக்கக் காட்டினார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். அதே இன்ஸ்பெக்டர், அதே நாற்காலி. "டிரைவர் ஒத்துக்கிட்டாரும்மா. சாரு ஸ்ரீரங்கத்துல தரிசனத்தை முடிச்சுட்டு நண்பர் கார்ல நேரா ஏர்போர்ட் போயிட்டாரு. வண்டியில அவர் இல்லவே இல்லை" என்றார். அவர் செல்போனில் வால்பேப்பராக அந்த நடிகரோடு எடுத்துக்கொண்ட செல்ஃபி இருந்தது. போன வாரம்வரை அங்கே அவருடைய குழந்தைகள் படம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவோடு நடந்து வந்த இரண்டு பெண்களும் "கூட்டத்துல ஒண்ணும் சரியாத் தெரியலைங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சரி, கோயிலிலாவது யாராவது பார்த்திருப்பார்களே என்று ஸ்ரீரங்கம் போனேன். அவருக்கு மாலை மரியாதை செய்தபோது கூட நின்ற ஒரு பெரியவரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். "விடிகாலை விஸ்வரூபம் சேவிச்சுட்டுப் போனவா எந்தப் பக்கம் திரும்பினான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நாங்க உள்ளே பெருமாளைன்னா பாத்துண்டிருந்தோம்" என்றார். அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது, அது அவர் வேலை.

கோபம் வந்தது பக்கத்து வீட்டம்மா மேல். அக்கா வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள். அந்தம்மா எட்டு வருஷமாக வாடிக்கை. அவள்தான் தெருக்குழாயடியில் சொன்னாளாம்: "டிரைவர் அடிச்சான்னா என்ன கிடைக்கும்? நடிகர் அடிச்சாருன்னு சொன்னாத்தானே பெருசாக் கிடைக்கும். அதான் பேரை மாத்திச் சொல்றா." அன்றோடு மாவு வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு வீடும் நிறுத்தியது. கால் போனபோது அழாத அக்கா அன்றைக்கு அழுதாள். "கால் போனா போகட்டும்டி. என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டாங்களே" என்றாள்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அரசன் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். தெய்வம் நிற்கிறவரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவர் நாசமாகப் போகவேண்டும் என்று தினம் விளக்கேற்றிக் கேட்டேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

எங்கள் வக்கீலம்மா நேர்மையானவர். வாய்தாவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தபோது கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அன்று டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொள்வான், அபராதம் கட்டுவான், வழக்கு முடிந்துவிடும். "அதுக்குள்ள அவர் அந்த வண்டியில இருந்தாருன்னு ஏதாவது ஒண்ணு கொண்டு வாங்க. உங்க அக்கா சொல்லை மட்டும் வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

அந்த ஒன்று தானாகவே கடைக்கு நடந்து வந்தது.

நடிகருக்குப் பிறந்தநாள் வந்தது. ரசிகர் மன்றச் செயலாளர் வழக்கம்போல ஃப்ளெக்ஸுக்கு வந்தார். நான் அவருக்குப் பல வருஷமாக டிசைன் செய்தும், கடையில் உட்காருகிற ஒரு 'சிஸ்டர்' என்பதற்கு மேல் என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "இந்தத் தடவை வேற லெவல் படம் சிஸ்டர். நானே பைக்ல பின்னாடி உக்காந்து எடுத்தது" என்று செல்போனை நீட்டினார். காரின் முன் கண்ணாடி வழியாக நடிகர் தெரிந்தார், கண்ணில் கூலிங்கிளாஸ். ஒற்றைக் கையால் ஸ்டியரிங், மறு கையால் ரசிகனுக்கு ஒரு கும்பிடு, டாஷ்போர்டில் துளசி மாலை. கொள்ளிடப் பாலத்துக் கைப்பிடிச்சுவர் பின்னால் ஓடுகிறது. வெள்ளைக் கார், அதே நம்பர்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆனால் வாய் பழக்கத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னது. "டாக்குமெண்டா அனுப்புங்கண்ணா, இல்லாட்டி குவாலிட்டி போயிடும்."

ஃப்ளெக்ஸ் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வோம். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிப் போகும், பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். எடுத்த நாள், எடுத்த நேரம், எடுத்த இடம் எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அவர் டீ குடிக்கப் போனதும் திறந்து பார்த்தேன். பூச்சொரிதல் ஞாயிறு. காலை ஏழு இருபத்திரண்டு. ஏர்போர்ட்டுக்கு நேர் எதிர்த் திசை.

மறுநாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். யார் எடுத்தது என்று மட்டும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "நீங்க ஃப்ளெக்ஸ் டிசைனர்தானேம்மா? புலி மேல எம்.எல்.ஏ.வ உக்கார வெக்கிறவங்க நீங்க. கார்ல ஒரு ஆளை உக்கார வெக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சொல்லிப் படத்தை மேஜை மேல் தள்ளினார். பக்கத்திலிருந்த ஏட்டும் சிரித்தார். என் தொழிலே எனக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. நான் சொன்னால்தானே ஒட்டுவேலை. அவருடைய ரசிகனே ஊரைக் கூட்டிச் சொன்னால்?

அன்று சாயங்காலம் செயலாளர் டிசைன் பார்க்க வந்தார். நான் இவ்வளவு இனிமையாகப் பேசியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. "சூப்பர் படம்ணா. தலைவர் தானே ஓட்டுறாரு, என்ன ஒரு எளிமை. ஆனா எங்க, எப்ப எடுத்ததுன்னு போடலைன்னா ஒட்டினதுன்னு சொல்லிடுவாங்களே" என்றேன்.

"எவன் சொல்லுவான்? போடுங்க சிஸ்டர்" என்று அவரே வாசகம் சொல்ல ஆரம்பித்தார். நான் அடித்தேன். 'பூச்சொரிதல் ஞாயிறு அன்று அரங்கனைத் தரிசித்து, தானே காரோட்டிக் கொள்ளிடம் கடக்கும் எங்கள் குலதெய்வமே.' கீழே, 'படம் எடுத்தவர்' என்று அவர் பெயர். அதற்குக் கீழே, வழக்கப்படி, மன்ற நிர்வாகிகள் முப்பத்தொரு பேரின் முகமும் பெயரும் பதவியும். ஒவ்வொரு முகத்தையும் பொறுமையாக வெட்டி வரிசையாக வைத்தேன். முப்பத்தொரு சாட்சி.

அந்த விபத்து அவருக்கு ஞாபகம் வரவில்லையா என்று பிறகு எல்லோரும் என்னைக் கேட்டார்கள். நானே வாய் கொடுத்துப் பார்த்தேன். "அன்னிக்கு ஏதோ ஆக்சிடென்ட்னு சொன்னாங்களேண்ணா?" அவர் யோசிக்கக்கூட இல்லை. "அது டிரைவர் பண்ணினது சிஸ்டர். தலைவர் ஏர்போர்ட் போயிட்டாருல்ல" என்றார். சொல்லிக்கொண்டே திரையில் ஸ்டியரிங் பிடித்த கையை விரலால் காட்டி, "இந்தக் கையை இன்னும் கொஞ்சம் பளிச்னு வைங்க" என்றார். தலைவர் சொன்னதும் உண்மை, தான் எடுத்த படமும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வழக்கம் மன்றத்தில் கிடையாது.

எங்கே கட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று நான்கு இடம் சொன்னார். "கோர்ட்டுப் பக்கம் கூட்டம் ஜாஸ்திங்கண்ணா" என்றேன். அனுமதியா, அதெல்லாம் அவர்களுக்கு எதற்கு. பிறந்தநாள் அன்று கோர்ட்டுக்கு எதிர்த்த ரோட்டில் நாற்பதடி அகலத்துக்கு அந்தக் கார் நின்றது. நம்பர் பிளேட்டை எதிர் பிளாட்பாரத்திலிருந்து படிக்க முடிந்தது.

அக்காவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். மேளம் அடித்தார்கள், பால் ஊற்றினார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, "கொள்ளிடப் பாலத்துல, தலைவர் வண்டி ஓட்டும்போது, என் கையால எடுத்த படம்" என்று மூன்று தடவை முழங்கினார். வக்கீலம்மா ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்று முழுவதையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை மேளதாளத்தோடு அன்றுதான் பார்த்தேன். அக்கா ஆட்டோவுக்குள்ளிருந்தே நிமிர்ந்து பார்த்தாள். "இதே கூலிங்கிளாஸ்தாண்டி. இதைக் கழட்டிட்டுத்தான் என்னைப் பாத்தான்" என்றாள்.

வாய்தா அன்று டிரைவர் வாயைத் திறக்குமுன் வக்கீலம்மா மனுவைக் கொடுத்தார். படம், வீடியோ, முப்பத்தொரு பெயர். ஏர்போர்ட்டில் இருந்தவர் எப்படிக் கொள்ளிடப் பாலத்தில் கார் ஓட்டினார் என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். அரசு வக்கீல் அவகாசம் கேட்டார். டிரைவரின் ஒப்புதலை எடுத்துக்கொள்ளாமல், மறுபடி விசாரித்து அறிக்கை கொடுக்கச் சொல்லி உத்தரவானது. அதற்காக நடிகரைப் பிடித்து உள்ளே போட்டுவிடவில்லை. வழக்கு இன்றைக்கும் வாய்தாவில்தான் ஓடுகிறது. ஆனால் 'அவர் வண்டியில் இல்லவே இல்லை' என்ற வார்த்தையை அன்றைக்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. எனக்கும் வேலை போனது. "வேற இடம் பாத்துக்கம்மா, எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார் முதலாளி. பார்த்துக்கொண்டேன்.

உத்தரவான வாரத்தில் செயலாளர் என்னைத் தேடி வந்தார். நான் யார் என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. முகம் பேயறைந்தாற்போல இருந்தது. "தலைவர் ஆளுங்க என்னைக் கொன்னுடுவாங்க சிஸ்டர். நாளைக்கு ஸ்டேஷன்ல உங்களைக் கூப்பிடுவாங்க. நீங்கதான் ஒட்டினதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உங்க கால்ல விழறேன்" என்றார்.

"மொதல்ல எங்க வீட்டுக்கு வந்து அக்காவைப் பாருங்கண்ணா. அப்புறம் பேசலாம்" என்றேன்.

வந்தார். அக்கா கிரைண்டர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காலில்லாத இடத்தில் புடவை தொங்கியது. அவர் அதைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

"அன்னிக்கு வண்டியை யாரு ஓட்டினா?" என்று அக்கா கேட்டாள்.

"தலைவர்தாங்க" என்றார், தரையைப் பார்த்து.

"சத்தமாச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுது, கேக்கலை."

"தலைவர்தாங்க ஓட்டினாரு."

பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றது.

"இன்னொரு தடவை" என்றாள் அக்கா. அவர் சொன்னார். நடுவே ஒரு செங்கல் சுவர்தான், இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் போயிருக்கும். பிறகு அவர் என்னைப் பார்த்தார். "படத்தை அப்படியே பெருசு பண்ணினேன், அவ்வளவுதாங்கண்ணா. அதைத்தான் நாளைக்குச் சொல்லப்போறேன். போயிட்டு வாங்க" என்றேன். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார். பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான், இருக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பக்கத்து வீட்டம்மா தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். கோலத்தை மிதித்துவிடாமல் ஓரமாக நின்றாள். "ஒரு ரெண்டு படி மாவு குடேன்" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அக்கா ஊன்றுகோலை ஊன்றி, நிதானமாக வாசல்வரை நடந்து போனாள்.

"மாவு தீந்து போச்சுங்க" என்றாள்.

அவளுக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில், இரண்டு குண்டான் மாவு பொங்கி நின்றது.