ஊசியா, அம்மையா, ஸ்ப்ரேயா?

மோர் உதட்டில் பட்டாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும்… அருள்புரத்து லைன் வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு, தண்ணீர் டம்ளரைப் பார்த்தே பயந்த நாட்கள் அவை.

கொரோனா சமயம். எனக்குப் பதினெட்டு வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் ஸ்ப்ரே அடித்து எடுக்க வேண்டும். கம்பெனியிலேயே கேம்ப் வைத்து எல்லாருக்கும் தடுப்பூசி போட்டார்கள். அன்று லேசான காய்ச்சல், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் உதடு வீங்கியது. வாயெல்லாம் புண். கண் சிவந்து, பீளை கட்டி, காலையில் இமையைப் பிரிக்க முடியவில்லை. கையில் அங்கங்கே சிவப்புத் திட்டு.

கூட வேலை பார்த்தவர்கள் ஸ்ப்ரே ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சூப்பர்வைசர் ஊசி என்றார். சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த என் அம்மாவுக்கோ சந்தேகமே இல்லை.

"அம்மைதான்ட்டி. ஆத்தா வந்திருக்கா."

வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். இனி ஆஸ்பத்திரி கிடையாது, மருந்து கிடையாது, மோரும் இளநீரும்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை… யார் எதைச் சொன்னாலும் அதுதான் சரி என்று பட்டது.

போகப் போக எச்சில்கூட விழுங்க முடியவில்லை. டியூப்லைட் மங்கலாகத் தெரிந்தது. பார்வை போய்விடுமோ என்று அழுதேன். கண்ணீரும் எரிந்தது.

வீட்டு ஓனர் அக்கா வாசலில் நின்றபடியே என் கையைப் பார்த்தார்.

"ஏனுங்க, அம்மைன்னா முத்துப் போடோணுமில்லீங்க? ஒண்ணுகூடக் காணோமே. புள்ளைக்குக் கண்ணு போயிருச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க? ஆட்டோ வரச் சொல்றனுங்க."

அம்மா தவித்துப் போனாள். கடைசியில் ஏறினாள், இடுப்பில் ஒரு கொத்து வேப்பிலையோடு. எந்தப் பக்கத்தையும் பகைத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். கண் டாக்டரும் வந்து பார்த்தார். எதனால் வந்தது என்று அம்மா கேட்டாள்.

"தடுப்பூசிக்கு அப்புறம் சின்ன வயசுக்காரங்களுக்கு ரொம்ப அபூர்வமா இப்படி வரலாம்மா. கிருமித் தொற்றாலயும் வரும். இவளுக்கு எதுனாலன்னு உறுதியாச் சொல்ல முடியல. இன்னும் லேட் பண்ணியிருந்தா கண்ணுக்கு ஆபத்து."

நல்லபடியாகக் குணமாகிவிட்டது. பார்வைக்கும் குறையில்லை. ஆனால் அந்த 'எதுனாலன்னு தெரியல' மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை…

இப்போது எனக்கு ஒரு மகள். ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் பழைய கதை முழுவதும் சொன்னேன்.

"இது வேற ஊசிம்மா. உனக்கு வந்ததால பாப்பாவுக்கும் வரும்னு இல்ல. தட்டம்மை வராம இருக்கத்தான் இதையே போடறோம். தைரியமாப் போடு."

போட்டுக்கொண்டு வந்தோம். அதிலிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாப்பாவின் வாயைப் பார்ப்பதே எனக்கு வேலை. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி என்றாலே தயங்கிய வீடு… இப்போது தும்மினாலே கிளம்ப நான் தயாராக நிற்கிறேன். எது சரியென்று எனக்கே தெரியவில்லை.

நேற்று பாப்பாவின் கீழ் ஈறு சிவந்து வீங்கியிருந்தது. "அம்மா!" என்று கத்தினேன்.

அம்மா ஓடி வந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி… பல்லுல்லா மொளைக்கு!"