முதல் செம்புத் தண்ணீர்

சட்டசபையில் நான் பேசியவற்றில் எனக்கே மிகவும் பிடித்தது கிணற்றைப் பற்றிய பேச்சுதான். பொதுக்கிணறு எல்லாச் சாதிக்கும் பொது என்று அரை மணி நேரம் முழங்கினேன். மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அந்தச் சூட்டிலேயே ஜில்லா போர்டை விடாமல் நச்சரித்து, எங்கள் ஊர் நூம்பலின் சேரிக்கு ஒரு கிணறும் வெட்ட வைத்தேன்.

திறப்பு நாளில் எனக்கு மாலை போட்டார்கள். கிணறு வெட்டும்போது மண் சுமந்த பெண்களில் ஒருத்தி, புதுச் செம்பில் முதல் தண்ணீரை மொண்டு வந்து நீட்டினாள். நான் குடிப்பதற்கென்றே சேரியார் எல்லோரும் சேர்ந்து வாங்கிய செம்பு அது.

என் பங்காளிகள் நாலு பேர் வண்டியருகே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு நான் விரதம்மா" என்றேன்.

"தண்ணிக்குங்கூடவா சாமி?"

ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியேறினேன். வீட்டுக்குப் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன், வெட்கங்கெட்டவன்.

மறு கோடையில் வாய்க்கால் வேலையைப் பார்க்க அந்தப் பக்கம் தனியாகப் போனேன். நாக்கு வறண்டது. அன்று செம்பு நீட்டியவள் தன் குடிசை வாசலில் நின்றிருந்தாள்; அவளிடம் நானே தண்ணீர் கேட்டேன். பங்காளிகள் யாரும் உடன் இல்லை என்பதால் மட்டுமே கேட்டேன்.

குடிசைக்குள் போய் அதே செம்பில் கொண்டுவந்தாள். அது இன்னும் புதிதாகவே பளபளத்தது.

"ஒங்களுக்குன்னு வாங்குனது அப்டியே கீது சாமி. எங்காளுங்க யாரும் இதுல வாய் வைக்கல. பயப்படாம குடிங்க" என்றாள்.